சுட மறுத்தவனுக்கு எந்தச் சட்டம்?

1931 மார்ச் 5ஆம் தேதி கையெழுத்தான காந்தி–இர்வின் ஒப்பந்தத்தால் ஆயிரக்கணக்கான சத்தியாகிரகிகள் சிறையிலிருந்து வெளியே வந்தார்கள். இது பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்தது. பாடத்தில் வராத ஒரு விதிவிலக்கும் அந்த ஒப்பந்தத்தில் உண்டு. வன்முறைக் குற்றங்களுக்காகச் சிறைப்பட்டவர்களுக்கு விடுதலை இல்லை என்பது எதிர்பார்க்கக்கூடியதுதான். அதற்கும் மேலாக, உத்தரவுக்குக் கீழ்ப்படியாத குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்ட படைவீரர்களும் போலீஸ்காரர்களும் இந்தப் பொதுமன்னிப்பில் அடங்கமாட்டார்கள் என்று தனியாகவே எழுதியிருந்தார்கள். அப்படிப்பட்டவர்கள் மிகச் சிலரே என்ற குறிப்பும் கூடவே இருந்தது.

அந்த மிகச் சிலர் யார் என்பது இருதரப்புக்கும் தெரியும். முக்கியமானவர்கள் பெஷாவரில் பிடிபட்ட கார்வால் ரைபிள்ஸ் வீரர்கள். அவர்கள் யாரையும் கொல்லவில்லை. கொல்ல மறுத்ததுதான் அவர்கள் செய்த குற்றம்.

1930 ஏப்ரல் 23. உப்புச் சத்தியாகிரகம் நாடெங்கும் பரவியிருந்த நேரம். வடமேற்கு எல்லை மாகாணத்தில் அப்துல் கஃபார் கானையும் பெஷாவர் நகரக் காங்கிரஸ் தலைவர்களையும் அரசு கைது செய்தது. கிஸ்ஸா குவானி பஜாரில் மக்கள் திரண்டார்கள். கூட்டத்துக்குள் கவச வண்டிகளை ஓட்டினார்கள், ஆட்கள் நசுங்கினார்கள், ஆத்திரத்தில் ஒரு வண்டி கொளுத்தப்பட்டது, பிறகு துப்பாக்கிச் சூடு. செத்தவர்கள் சுமார் 30 பேர் என்றது அரசு. விட்டல்பாய் பட்டேல் தலைமையில் காங்கிரஸ் அமைத்த விசாரணைக் குழுவின் கணக்கு அதைப் போலப் பல மடங்கு. அந்த அறிக்கையை அரசு தடை செய்தது.

கார்வாலிகள் இமயமலைச் சரிவைச் சேர்ந்த இந்துக்கள். பெஷாவர் மக்களில் பெரும்பாலோர் பட்டாணிய முஸ்லிம்கள். இவர்களை அடக்க அவர்களை அனுப்பியதில் ஒரு கணக்கு இருந்தது: வேற்று மதத்தான், வேற்று மொழிக்காரன், விரல் தயங்காது. அந்தக் கணக்குத்தான் பொய்த்தது. 2/18 கார்வால் ரைபிள்ஸின் இரண்டு பிளட்டூன்கள் முரண்டு பிடித்தன. நகரக் காவல் பணிக்குச் செல்ல மறுத்தார்கள் என்பது ராணுவத் தரப்பு பதிவு. அதிகாரி சுடச் சொன்னபோது ஹவில்தார் சந்திர சிங் குறுக்கே புகுந்து ‘சுடாதே’ என்று குரல் கொடுத்தார் என்பது மக்கள் நினைவில் நிலைத்த காட்சி. எப்படியானாலும் நிராயுதபாணிகள் மீது அவர்கள் தோட்டா பாயவில்லை.

சந்திர சிங் 1914இல் படையில் சேர்ந்து பிரான்சிலும் மெசபடோமியாவிலும் போரிட்டவர். ‘வால்காவிலிருந்து கங்கை வரை’ எழுதிய ராகுல சாங்கிருத்யாயன் பின்னாளில் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதினார். அந்த அளவுக்குப் பெயர் பெற்றவர். அபோட்டாபாத்தில் கோர்ட் மார்ஷல் கூடியது. பாரிஸ்டர் முகுந்தி லால் வாதாடியதால் தூக்கு தப்பியது. சந்திர சிங்குக்கு ஆயுள் தண்டனை, மற்ற ஹவில்தார்களுக்கும் நாயக்குகளுக்கும் பல ஆண்டுச் சிறை. காந்தி–இர்வின் ஒப்பந்தத்துக்குப் பிறகும் அவர் பத்தாண்டு உள்ளே இருந்தார். வெளியே வந்தது 1941 செப்டம்பரில்.

வட்டமேசை மாநாட்டுக்காக லண்டன் போயிருந்த காந்தியிடம் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையாளர் இதைப் பற்றிக் கேட்டார். அகிம்சையின் அடையாளமாகிய ஒருவர், அகிம்சையைக் கடைப்பிடித்ததற்காகவே சிறை சென்ற சிப்பாய்களைக் கைவிட்டது ஏன்? காந்தி மழுப்பவில்லை. சுடச் சொல்லும் உத்தரவை மறுக்கும் சிப்பாய் தான் எடுத்த சத்தியத்தை மீறுகிறான், அது குற்றம் என்றார். நாளை ஆட்சி என் கைக்கு வந்தால் இதே சிப்பாய்களைத்தான் நானும் வைத்துக்கொள்ளவேண்டியிருக்கும். இன்று கீழ்ப்படியாதே என்று கற்றுக்கொடுத்தால் நாளை எனக்கும் கீழ்ப்படிய மாட்டார்கள் என்ற அச்சம் எனக்கு உண்டு என்றும் சொன்னார்.

இதைப் படிக்கும் பலருக்குக் கோபம் வருகிறது. காந்தியை அரசியல் கணக்குப் பார்ப்பவர் என்று சாடுவதற்கு இந்தப் பேட்டி இன்றும் பயன்படுகிறது. ஆனால் அவரிடம் முன்பின் முரண் இல்லை. 1921இல் அலி சகோதரர்கள் விவகாரத்தில், இந்த அரசின் படையில் இருப்பதே இந்தியனுக்கு இழுக்கு, விட்டு விலகுங்கள் என்று சிப்பாய்களுக்கு வெளிப்படையாகச் சொன்னவர் அவர். 1922இல் ஆறாண்டு சிறைக்கு அவரை அனுப்பிய ராஜத் துரோக வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட மூன்று கட்டுரைகளில் ஒன்று இதைப் பற்றியதுதான். அவருடைய நிலைப்பாடு தெளிவானது: வேலையை விடு, தப்பில்லை, சம்பளத்தையும் சத்தியத்தையும் வைத்துக்கொண்டு மறுக்காதே.

கேட்க நேர்மையாக இருக்கிறது. இடிக்கும் இடம் ஒன்றுதான்: சிப்பாய் நினைத்த நேரத்தில் வேலையை விட முடியாது. ஆசிரியரும் குமாஸ்தாவும் ராஜினாமாக் கடிதம் எழுதலாம். சிப்பாய் அணியிலிருந்து விலகி நடந்தால் அதற்குப் பெயர் ஓட்டம், அதுவும் கோர்ட் மார்ஷல் குற்றம். துப்பாக்கியைத் தூக்கு என்ற உத்தரவுக்கும் சுடு என்ற உத்தரவுக்கும் இடையில் ராஜினாமா செய்ய நேரம் ஏது? காந்தி காட்டிய கதவு இருந்தது. சிப்பாய்க்கு அது வெளியே பூட்டப்பட்டிருந்தது.

அவர் அச்சத்தைச் சுதந்திர இந்தியா அப்படியே சுவீகரித்தது. இந்திய தேசிய ராணுவத்துக்காகச் செங்கோட்டை வழக்கில் கறுப்பு அங்கி மாட்டி நின்றவர்களே ஆட்சிக்கு வந்ததும், அந்தப் படையில் இருந்தவர்களை இந்திய ராணுவத்தில் திரும்பச் சேர்க்கவில்லை. 1946இல் கிளர்ந்த கடற்படை மாலுமிகளுக்கும் அதே கதி. (மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து நேதாஜியின் படையில் சேர்ந்த தமிழர்களில் பெரும்பாலோர் பிரிட்டிஷ் மன்னருக்கு எந்தச் சத்தியமும் செய்தவர்கள் அல்லர். சத்தியத்தை மீறினாயா என்ற கேள்வியே அவர்களுக்குப் பொருந்தாது.)

அச்சத்துக்கு ஆதாரமே இல்லையா? உண்டு. 1984 ஜூனில் பொற்கோயிலுக்குள் ராணுவம் நுழைந்த செய்தி எட்டியதும், அன்றைய பிகாரின் ராம்கட்டிலிருந்த சீக்கிய ரெஜிமென்ட் மையத்தில் நூற்றுக்கணக்கானோர் ஆயுதக் கிடங்கை உடைத்தார்கள். மையத்தின் தலைவரான பிரிகேடியரைச் சுட்டுக் கொன்றுவிட்டு அமிர்தசரஸை நோக்கி வண்டிகளில் கிளம்பினார்கள். அவர்களும் மனசாட்சியின் பேரால்தான் கிளம்பினார்கள். மனசாட்சி என்று சொல்லிக்கொண்டு வருவது சில நேரம் சாதிப் பாசமாக, மதப் பாசமாக இருக்கும். எந்த உத்தரவை ஏற்பது என்பதை ஒவ்வொரு சிப்பாயும் தானே தீர்மானிக்கும் படை ஒரு நாட்டுக்கு ஆபத்துதான். ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் பெஷாவரையும் ராம்கட்டையும் ஒரே பெட்டியில் போட முடியாது. ராம்கட்டில் ஆயுதத்தை எடுத்தார்கள், பெஷாவரில் கீழே வைத்தார்கள். முன்னது தன் மக்களுக்காக, பின்னது தனக்கு அந்நியரான மக்களுக்காக. பெஷாவர்காரர்கள் தண்டனைக்குத் தப்பி ஓடவும் இல்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு சட்டத்துக்குத் தெரியவில்லை என்றால் குறை சட்டத்தில் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. ‘கீழ்ப்படியாமை வந்தால் ராணுவ ஆட்சி வரும்’ என்று பலரும் பயமுறுத்துவார்கள். உண்மை தலைகீழ். 1958இல், 1977இல், 1999இல் பாகிஸ்தானில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது சிப்பாய்கள் முரண்டு பிடித்ததால் அல்ல. தளபதி சொன்னதை அவர்கள் ஒழுங்காகச் செய்ததால். 1999 அக்டோபர் 12 அன்று இஸ்லாமாபாத் தொலைக்காட்சி நிலையத்தின் கேட்டின் மேல் ஏறிக் குதித்த ஜவான்களில் ‘இது அரசமைப்புக்கு விரோதமான உத்தரவு’ என்று சொல்லி ஒருவன் நின்றிருந்தால், அவன் ஜனநாயகத்தைக் காப்பாற்றியிருப்பானே தவிரக் கெடுத்திருக்க மாட்டான்.

இனி அந்தச் சத்தியத்துக்கு வருவோம். இந்திய ராணுவத்தில் சேரும் ஜவான் இன்று எடுக்கும் உறுதிமொழியின் சாரம் இது: சட்டப்படி நிறுவப்பட்ட இந்திய அரசமைப்புக்கு உண்மையாக இருப்பேன், நிலத்திலோ நீரிலோ வானிலோ எங்கு அனுப்பினாலும் செல்வேன், குடியரசுத் தலைவரின் கட்டளைகளுக்கும், எனக்கு மேல் வைக்கப்பட்ட எந்த அதிகாரியின் கட்டளைக்கும், உயிருக்கே ஆபத்தானாலும் கீழ்ப்படிவேன். சந்திர சிங் காலத்து உறுதிமொழியில் அரசமைப்பு இருக்கும் இடத்தில் பேரரசர் இருந்தார், வானம் இல்லை. மற்றபடி, மேலதிகாரி கட்டளைக்கு உயிரைப் பணயம் வைத்தும் கீழ்ப்படிவேன் என்ற வரி அப்படியே வந்துவிட்டது. யாருக்கு விசுவாசம் என்பதை 1950 மாற்றியது. எப்படிப்பட்ட கீழ்ப்படிதல் என்பதை யாரும் தொடவில்லை.

பேரரசருக்குச் செய்த சத்தியத்தில் முரணே வராது. மன்னருக்கு விசுவாசம், மன்னரின் அதிகாரிக்குக் கீழ்ப்படிதல், எல்லாம் ஒரே சங்கிலி. அரசமைப்புக்குச் செய்யும் சத்தியத்தில் முரண் வரலாம், ஏனென்றால் அதிகாரியே அரசமைப்பை மீறக்கூடும். அப்போது ஜவான் எந்தப் பாதி சத்தியத்தைக் காப்பாற்றுவது? அரசமைப்பு முதலில் வருகிறது, அதிகாரி பிறகு வருகிறார் என்ற வரிசையே விடை என்று நான் வாசிக்கிறேன். படைமுகாம் வாசிப்பு அப்படி இல்லை.

நம் மரபும் இதில் ஜவானுக்கு உதவுவதில்லை. சீதையைச் சிறை வைத்தது தவறு என்று அண்ணன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அதே அண்ணனுக்காகப் போருக்குப் போன கும்பகருணனுக்கு நம் பட்டிமன்றங்கள் கைதட்டுகின்றன. விலகிப் போன வீடணனுடைய பெயரோ துரோகிக்கு மறுபெயர். கர்ணனுக்குக் கண்ணீர் விடுவதும் செஞ்சோற்றுக் கடனுக்காகத்தான். சோறு போட்டவன் ஒரு மன்னன் என்றிருந்த உலகத்து அறம் அது. பெஷாவரில் கார்வாலிகளுக்குச் சோறு போட்டது யார்? லண்டனிலிருந்த மன்னர் தன் பையிலிருந்து கொடுக்கவில்லை. நிலவரியும் உப்பு வரியும் கட்டிய ஜனங்கள் போட்ட சோறு. அந்த ஜனங்கள்தான் பஜாரில் எதிரே நின்றார்கள். செஞ்சோற்றுக் கடனை ஒழுங்காகக் கணக்குப் பார்த்தால் சந்திர சிங் கடன் தீர்த்தவர்.

இப்போது சட்டம். 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 41ஆம் பிரிவு கீழ்ப்படியாமையைத் தண்டிக்கிறது. வேண்டுமென்றே அதிகாரத்தை மீறும் விதத்தில் மறுத்தால் 14 ஆண்டு வரை சிறை. ‘சட்டபூர்வமான’ கட்டளையை மறுப்பதுதான் குற்றம் என்று அந்தப் பிரிவு சொல்வதால், சட்டவிரோதமான கட்டளையை மறுப்பது குற்றமல்ல என்று பொருள் எடுக்கலாம். எடுக்கலாம்தான், ஆனால் சட்டம் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சுட்டவன் விஷயத்திலோ சட்டம் தாராளமாகவே பேசுகிறது. மெக்காலே கை பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 76ஆம் பிரிவுக்கு முதல் எடுத்துக்காட்டே, மேலதிகாரியின் உத்தரவின்படி, சட்டத்தின் கட்டளைக்கு இணங்க, கூட்டத்தின் மீது சுடும் சிப்பாய்தான். அவன் குற்றம் எதுவும் செய்யவில்லை என்கிறது அது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் எண் 14ஆக மாறியது, சிப்பாய் மாறவில்லை. கூட்டத்தைக் கலைக்கும்போது, தான் கீழ்ப்படியக் கடமைப்பட்ட உத்தரவை நிறைவேற்றிய படைவீரர் குற்றம் செய்தவராகக் கருதப்பட மாட்டார் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமும் சொல்கிறது. ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டம் நடப்பிலுள்ள பகுதிகளில் மத்திய அரசின் அனுமதியின்றி வழக்கே நடத்த முடியாது. நாகாலாந்தின் மோன் மாவட்டத்தில் 2021 டிசம்பர் 4 அன்று சுரங்க வேலை முடிந்து வேனில் வீடு திரும்பிய தொழிலாளர்களைச் சிறப்புப் படை சுட்டது. மாநிலப் போலீஸ் 30 படையினர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. மத்திய அரசு அனுமதி மறுத்தது. 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த நடவடிக்கைகளை முடித்துவைத்தது.

ஜாலியன்வாலா பாக்கில் 1,650 குண்டுகளைச் சுட்ட 50 சிப்பாய்களில் ஒருவர் மீதும் வழக்கு வரவில்லை. பதினோரு ஆண்டு கழித்துச் சுட மறுத்தவர்கள் மீது உடனே வந்தது. இந்த ஏற்றத்தாழ்வு காலனிய அரசோடு போய்விட்டது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

‘எது சட்டவிரோத உத்தரவு என்று பத்தாவது படித்த ஜவானுக்கு அந்த நொடியில் எப்படித் தெரியும்?’ இதுதான் ராணுவத்தார் வழக்கமாக எழுப்பும் ஆட்சேபம். நியாயமான கேள்வி. பதில் 1956 அக்டோபர் 29 மாலை, இஸ்ரேலின் கஃபர் காசிம் கிராமத்தில் கிடைத்தது. சூயஸ் போர் தொடங்கிய நாள். அரபுக் கிராமங்களில் ஊரடங்கை மாலை ஐந்து மணிக்கே முன்தள்ளினார்கள். வயலுக்குப் போனவர்களுக்கு அது தெரியாது. ஊரடங்கை மீறுபவர்களைச் சுடு என்பது எல்லைப் போலீசுக்கு வந்த உத்தரவு. வேலை முடிந்து சைக்கிளிலும் வண்டியிலும் வீடு திரும்பியவர்களை ஊர் வாசலில் நிறுத்திச் சுட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் உட்பட கிட்டத்தட்ட 50 பேர். அதே மாலை, அதே உத்தரவு, பக்கத்துக் கிராமங்களிலும் அமலில் இருந்தது. அங்கிருந்த இளம் அதிகாரிகள் சுடவில்லை. தாமதமாக வந்தவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்களும் அதே பயிற்சி பெற்றவர்கள், அதே அணியில் உத்தரவு கேட்டவர்கள். தெரிந்துகொள்ள முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

இந்த வழக்கில்தான் நீதிபதி பெஞ்சமின் ஹலேவி, வெளிப்படையாகச் சட்டவிரோதமான உத்தரவின் மேல் எச்சரிக்கையாக ஒரு கறுப்புக் கொடி பறக்கும் என்று எழுதினார். பிற்காலச் சர்வதேசச் சட்டமும் அந்தத் திசையில்தான் சென்றது. 1998 ரோம் சாசனத்தின் 33ஆவது பிரிவு, இனப்படுகொலைக்கும் மானுடத்துக்கு எதிரான குற்றத்துக்கும் ஆன உத்தரவுகள் வெளிப்படையாகவே சட்டவிரோதமானவை என்கிறது. இந்தியா அந்தச் சாசனத்தில் சேரவில்லை. கஃபர் காசிம் தீர்ப்பு அழகாக இருந்தது, தண்டனை அப்படி இல்லை. சிறைப்பட்டவர்கள் எல்லோரும் 1960க்குள் வெளியே வந்துவிட்டார்கள். உத்தரவின் ஊற்றுக்கண்ணாக இருந்த பிரிகேடு தளபதிக்கு விதித்தது பத்து புருட்டா அபராதம்; அன்றைய மிகச் சிறிய காசுகளில் ஒன்று.

கீழே இருப்பவனோடு கணக்கை முடித்துக்கொள்வது எல்லா நாட்டு ராணுவங்களுக்கும் வசதி. யாழ்ப்பாணத்தில் 1996இல் பள்ளி மாணவி கிருஷாந்தி குமாரசுவாமியும், அவரைத் தேடிப் போன தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்ட வழக்கில், 1998இல் கீழ்நிலைப் படையினருக்கு மரண தண்டனை விதித்தது நீதிமன்றம். தண்டனை பெற்றவர்களில் ஒருவர் எழுந்து, மேலதிகாரிகள் சொன்னபடி சடலங்களைப் புதைத்தோம், செம்மணியில் 300 முதல் 400 உடல்கள் புதைந்திருக்கும் இடத்தைக் காட்டுகிறேன் என்றார். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னது என்று ஒதுக்கியவர்கள் உண்டு. 1999இல் தோண்டியபோது 15 எலும்புக்கூடுகள் கிடைத்தன. 2025இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் மீண்டும் தோண்டினார்கள், 200க்கும் மேல். அவர் கை நீட்டிய மேலதிகாரிகளில் ஒருவரும் இதுவரை தண்டிக்கப்படவில்லை.

ஜெர்மனி இந்தக் கேள்வியைச் சட்டப் புத்தகத்துக்குள் கொண்டுவந்தது. அதற்கு அது கொடுத்த விலை அப்படி. 1934 ஆகஸ்ட் 2 முதல் ஜெர்மன் சிப்பாய்கள் நாட்டுக்கோ சட்டத்துக்கோ அல்ல, அடால்ஃப் ஹிட்லர் என்ற ஆளுக்கு நிபந்தனையற்ற கீழ்ப்படிதலைச் சத்தியம் செய்தார்கள். பத்தாண்டு கழித்து அவரைக் கொல்ல முயன்ற அதிகாரிகளை வதைத்தது இந்தச் சத்தியம்தான். சதியில் சேர மறுத்த பலருக்குச் சாக்காகவும் அதுவே இருந்தது. சதியை பெர்லினில் அடக்கிய ஓட்டோ ரேமர் போருக்குப் பின்னும் அவர்களைத் தேசத் துரோகிகள் என்று மேடையில் பேசினார். 1952இல் பிரவுன்ஷ்வைக் நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞர் ஃபிரிட்ஸ் பாவர் அவர் மீது வழக்கு நடத்தினார். சத்தியத்தையே கூண்டில் ஏற்றினார் என்று சொல்லலாம். இறையியலாளர்களைச் சாட்சிக்கு அழைத்து, ஒரு மனிதனுக்கு நிபந்தனையின்றிக் கீழ்ப்படிவேன் என்ற சத்தியம் ஒழுக்கத்துக்கே விரோதமானது, அது யாரையும் கட்டாது என்று வாதிட்டார். ரேமருக்கு மூன்று மாதச் சிறை.

1956இல் வந்த ஜெர்மன் படைவீரர் சட்டத்தின் 11ஆம் பிரிவு இந்த வாதத்தின் வாரிசு. மனித மாண்பைக் குலைக்கும் உத்தரவை நிறைவேற்றாதது கீழ்ப்படியாமை ஆகாது. குற்றமாக முடியும் உத்தரவை நிறைவேற்றவே கூடாது என்கிறது. அந்த நாட்டுச் சிப்பாயின் இன்றைய உறுதிமொழியில் கீழ்ப்படிவேன் என்ற சொல்லே இல்லை. 2003இல் இராக் போருக்கு உதவக்கூடும் என்று கருதி ஒரு மென்பொருள் பணியில் ஈடுபட மறுத்தார் மேஜர் ஃபுளோரியன் ஃபாஃப். படை அவரைப் பதவி இறக்கியது. 2005இல் லைப்சிக்கிலுள்ள கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் மனசாட்சிச் சுதந்திரத்தின் பேரில் அவரை விடுவித்தது. ஜெர்மன் ராணுவம் அதனால் குலைந்துபோகவில்லை.

சட்டம் வந்தால் எல்லோரும் அறத்தின் பக்கம் நின்றுவிடுவார்கள் என்று நான் நம்பவில்லை. 1942 ஜூலையில் போலந்தின் யோசெஃபூவ் கிராமத்தில், யூதர்களைச் சுடும் முன் ஒரு ஜெர்மன் போலீஸ் பட்டாலியனின் மேஜர், முடியாதவர்கள் விலகிக்கொள்ளலாம் என்று தன் ஆட்களிடம் சொன்னார். சுமார் 500 பேரில் விலகியவர்கள் பன்னிரண்டு பேர் போல. அவர்களுக்குத் தண்டனையும் இல்லை. கதவு திறந்திருந்தது, கூட்டம் உள்ளேயே நின்றது. பக்கத்தில் நிற்பவன் என்ன நினைப்பான் என்ற வெட்கம் எந்தச் சத்தியத்தையும்விட ஆளை இறுக்கிப் பிடிக்கும். ஆனாலும் சட்டம் அந்தப் பன்னிரண்டு பேருக்காகவாவது இருக்க வேண்டும். பெஷாவரில் இருந்ததும் இரண்டே பிளட்டூன்கள்தான்.

எனவே 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 41ஆம் பிரிவில் ஒரு விளக்கம் சேர்க்க வேண்டும்: வெளிப்படையாகச் சட்டவிரோதமான கட்டளையை, ஆயுதத்தைத் திருப்பாமல், மறுத்து நிற்பது இந்தப் பிரிவின்படி குற்றம் ஆகாது. கப்பற்படை, விமானப்படைச் சட்டங்களிலும் அதே வரி. உறுதிமொழியில் ‘கட்டளை’ என்பதற்கு முன்னால் ‘சட்டபூர்வமான’ என்ற ஒரு சொல். இதைக் கேட்க ஜவான்களால் முடியாது. அரசமைப்பின் 33ஆவது பிரிவைக் கொண்டு, சங்கம் வைக்கவும் பத்திரிகையிடம் பேசவும் அவர்களுக்குள்ள உரிமையை நாடாளுமன்றம் கட்டுப்படுத்தி வைத்திருக்கிறது. உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் நீங்கள்தான் கேட்க வேண்டும்.